அத்தியாயம் 9: இடது பக்கம் மடித்த கைலி

சலோமிக்குப் பொதுவாகவே மனிதர்களைப் பிடிக்காது. கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளைகளை அறவே பிடிக்காது. காரைக்காலில் துப்பறியும் தொழில் நடத்துகிறாள் என்றதும் ரத்தம், ரிவால்வர் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் போட்டோவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பையனுக்கு வேறு தொடுப்பு உண்டா, வேலை நிஜமா, குடிப்பானா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். இதுதான் பிழைப்பு. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு குடிப்பவனைத் தேடுவதைவிடக் குடிக்காதவனைத் தேடினால் வேலை சீக்கிரம் முடியும் என்பாள் அஞ்சுகம்.

அஞ்சுகம் அவளுடைய உதவியாள். சம்பளம் ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு. வாய் இலவசம்.

அன்று காலை ஆபீஸைத் திறந்ததுமே சித்திக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள். கோட்டுச்சேரியில் அலுமினிய ஜன்னல், தடுப்பு எல்லாம் செய்துகொடுக்கும் பட்டறை வைத்திருக்கிற சாதிக் பாட்சாவின் அம்மா. பையனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்துவிட்டது. போலீசிடமிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொடுத்தால் போதும், விமானம் ஏறலாம். அந்த நேரம் பார்த்து, கோவில்பத்து ஜெயபிரகாஷ் வீட்டில் கேமரா லென்ஸ் ஒன்று காணாமல் போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் பட்டறைக்கே ஜீப் வந்து சாதிக்கை அப்படியே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. இன்று பொழுது சாய்வதற்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்குப் பதிவு செய்துவிடுவேன் என்கிறார் எஸ்.ஐ. வழக்கு விழுந்தால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் கத்தார் இல்லை. இதை அழுகையும் மூக்குச் சிந்தலுமாகச் சொல்லி முடித்த சித்திக்கா, அதோடு நிற்காமல், "இன்னொண்ணு கேளுங்கம்மா, என் புள்ள வேலைக்குப் போகையில எப்பயுமே..." என்று ஆரம்பித்தாள்.

சலோமி கையைத் தூக்கி நிறுத்தினாள். "போதும்மா. மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

கட்சிக்காரர்கள் பேசுவதில் முக்கால்வாசி குப்பை என்பது சலோமியின் தீர்மானமான அபிப்பிராயம். எந்தப் பிள்ளையும் அவனவன் அம்மாவுக்கு உத்தமன்தான். சித்திக்கா வாயை மூடிக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. செந்தில்குமார் வழக்கே முடிந்துபோன தோரணையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளறை பெஞ்சின் ஓரத்தில், பேன்ட்டெல்லாம் அலுமினியத் தூள் மினுங்க, சாதிக் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். எஸ்.ஐ.க்கு சலோமியைப் பிடிக்காது. ஆனால் தன் புத்திசாலித்தனத்தைப் பார்க்க ஒரு ஆள் கிடைத்தால் அவருக்குப் பிடிக்கும். ஆகையால் மேஜையறையிலிருந்து ஒரு பெரிய தாளைப் பெருமையோடு எடுத்து விரித்தார்.

கறுப்பு வெள்ளைப் படம். முக்காலியின் மேல் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. அதன் பக்கத்தில் கை வைத்த பனியனும் கட்டம் போட்ட கைலியுமாக ஒரு ஆள். கைலியின் கட்டங்களை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். முகம் மட்டும் ஈரத்துணியால் துடைத்தது போல ஒரே கலங்கலாக இருந்தது.

நடந்தது இதுதான் என்றார் எஸ்.ஐ. ஜெயபிரகாஷ் தன் கையாலேயே ஒரு ராட்சசக் கேமரா செய்திருக்கிறார். அதில் போட்டோ எடுக்க அரைமணி நேரம் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டுமாம். புதன்கிழமை காலை குத்துவிளக்கை வைத்து, லென்ஸைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் லென்ஸைக் காணோம். ஆனால் உள்ளே இருந்த தாளில் திருடனே விழுந்திருக்கிறான். கேமராவுக்குச் சட்டம் அறுத்துக்கொடுத்தது சாதிக். அன்று காலைகூட ஒரு மூலையை முடுக்குவதற்கு வந்து போயிருக்கிறான்.

"மூஞ்சிதான் தெரியலியே சார்," என்றாள் சலோமி.

எஸ்.ஐ. இதற்காகவே காத்திருந்தவர் போல் விரலைப் படத்தின் மேல் வைத்தார். "மூஞ்சி எதுக்கு மேடம்? கைலிய பாருங்க. மடிப்பு எந்தப் பக்கம் விழுது? இடது பக்கம். நம்மாளுங்க வலது பக்கம் கட்டுவாங்க, பாய்ங்கதான் இடது பக்கம் கட்டுவாங்க. அந்த வீட்டுக்கு வந்துபோற பாய் யாரு? இவன் ஒருத்தன்தான். முடிஞ்சிச்சு."

இந்த மேதாவிலாசத்துக்கு அரசாங்கம் மாதாமாதம் சம்பளம் வேறு கொடுக்கிறதே என்று சலோமிக்கு வயிறு எரிந்தது. அதற்காக அவர் சொன்னது பொய் என்றும் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் கைலி கட்டுகிற எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

"இந்தத் திருடன் பூம்பூம் மாட்டுக்குப் பொறந்தவனாக்கா?" என்று அஞ்சுகம் எட்டிப் பார்த்தாள். "ஒடம்பு செல மாதிரி நிக்குது. தலைய மட்டும் ஆட்டியிருக்கான்."

எஸ்.ஐ. முறைத்தார். சலோமி மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அஞ்சுகம் உளறினாலும் சில சமயம் உளறல் உருப்படியாக இருக்கும். அரைமணி நேரப் படத்தில் சும்மா குறுக்கே போனவன் புகை மாதிரிகூடத் தெரிய மாட்டான். இவன் தூண் மாதிரித் தெரிகிறான். திருட வந்தவன் எதற்காக அரைமணி நேரம் விளக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்?

எஸ்.ஐ. அந்தக் கேமராவைச் சாட்சிப் பொருளாகப் பார்வையிடக் கோவில்பத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உண்மைக் காரணம் வேறு. யூனிபாரத்தோடு அவரை ஒரு படம் எடுத்துத் தருவதாக ஜெயபிரகாஷ் வாக்குக் கொடுத்திருந்தாராம். அதை எஸ்.ஐ.யே வெட்கத்தோடு சொன்னார். சலோமியும் அஞ்சுகமும் ஜீப்புக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனார்கள்.

ஜெயபிரகாஷுக்கு ஐம்பது வயது இருக்கும். துபாயில் சம்பாதித்து, கோவில்பத்தில் மாடி மாடியாகக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, இப்போது கலைஞனாகிவிட்டவர். கலைஞன் என்பதற்கு அடையாளமாகப் பின்கட்டில் ஒரு அறையும் பின்மண்டையில் ஒரு குடுமியும் வைத்திருந்தார். பின்கட்டு அறையில் நின்றது அந்தக் கேமரா.

அஞ்சுகம் அதைச் சுற்றி வந்தாள். ஆள் உயரத்துக்கு அலுமினியச் சட்டங்கள். நாலு பக்கமும் பள்ளம் ஓடுகிற சட்டங்கள், பள்ளத்துக்குள் போல்ட்டைச் செருகி எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி முடுக்கிக்கொள்ளலாம். முன்னால் லென்ஸ் மாட்டும் பலகை. பின்னால் தாளைச் செருகும் சட்டம், அதற்கு இழுத்து மூடுகிற தகடு. இரண்டுக்கும் நடுவில் கறுப்பு ரெக்சினில் தைத்த துருத்தி, மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடந்தது. லென்ஸ் இருக்க வேண்டிய ஓட்டையைக் கறுப்புத் துணி வைத்து டேப்பால் ஒட்டியிருந்தார்கள்.

"மீன் பெட்டிக்குக் கால் மொளச்ச மாதிரி இருக்கு," என்று அஞ்சுகம் சலோமியின் காதில் சொன்னாள். காதில்தான் சொன்னாள், ஆனால் தெருவுக்கே கேட்டது.

ஜெயபிரகாஷ் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி தன் கேமராவின் பெயர் 'மகாநேத்திரம்' என்று அறிவித்தார். டிசைன் அவருடையது, கணக்கு அவருடையது, கனவு அவருடையது. சாதிக் வெறுமனே அறுத்து, துளை போட்டு, பூட்டி, நிறுத்தி, மட்டம் பார்த்துக் கொடுத்தானாம். மிச்சமெல்லாம் இவராம். ஒரு நட்டுகூட ஆடாது, குலுக்கிப் பார்த்தாலும் சத்தம் வராது, அப்படி ஒரு கச்சிதம் என்றார். ஊரான் வீட்டு நெய்யை அள்ளி விடுவதில் இவருக்குத்தான் எத்தனை தாராளம் என்று சலோமி நினைத்துக்கொண்டாள்.

லென்ஸ் யாருடையது என்று கேட்டதும் அவர் குரல் இறங்கியது. அது சொல்தா சந்தனசாமியுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற கிழவர், அதனால் ஊருக்கு அவர் சொல்தா. அவருடைய அப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்த பித்தளை லென்ஸ். மாதா கோவில் வாசலில் பத்துப் பேர் பார்க்க, கண்ணைப் போல் காப்பேன் என்று சொல்லி இவர் இரவல் வாங்கியிருந்தார். இந்தச் சின்னப் புத்தி படைத்த பயலால் என் வாக்கே போச்சு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையில் ஈரம் எதுவும் இல்லை.

அந்த நேரத்தில் அஞ்சுகம் பின்னால் போய்த் தாள் செருகும் சட்டத்தின் தகட்டை இழுக்கப் போனாள். ஜெயபிரகாஷ் பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

"உள்ள தாள் இருக்கும்மா. அந்த மூடி ஒரு வெரக்கட தெறந்தாலே போதும், வெளிச்சம் பட்டு மொத்தமும் வெள்ளையாப் போயிரும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தத் தவிர ஒரு பொட்டு வெளிச்சம் அது மேல படக் கூடாது."

தட்டிவிட்ட வேகத்தில் கேமரா லேசாகச் சாய்ந்தது. உள்ளே எதுவோ கடகடவென்று உருண்டது. அந்தப் பையன் ஒழுங்காக முடுக்கவில்லை, ஏதோ போல்ட் கழன்றிருக்கிறது என்றார் ஜெயபிரகாஷ். இப்போதுதான் ஒரு நட்டுகூட ஆடாது என்று சொன்ன மனுஷன்.

சலோமி அதை மனத்துக்குள் முடிந்துவைத்துக்கொண்டு வேறு கேள்வி கேட்டாள். காலையிலிருந்து அவளுக்கு ஒரு குடைச்சல் இருந்தது. மாப்பிள்ளைகள் தங்களைத் தாங்களே எடுத்து அனுப்புகிற செல்பிகளில் பாதி தலைகீழ்ப் பாடம். சட்டைப்பை வலது பக்கம் இருக்கும், வாட்ச் வலது கையில் ஏறியிருக்கும். கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் பக்கம் மாறிக் கிடக்கும். அந்த மாதிரி இந்தக் கேமராவிலும் நடக்குமோ?

"உங்க படத்துக்கு நெகட்டிவ் உண்டா?" என்று கேட்டாள்.

கிடையாதாம். தாளிலேயே நேராகப் படம் விழுமாம், ஒரே ஒரு பிரதிதானாம், அதுதான் அதன் மகத்துவமாம்.

"அப்படீன்னா பக்கம் மாறித்தானே விழணும்? தாள் ஆளுக்கு எதுத்தாப்புல நிக்கிது. கண்ணாடி மாதிரி."

எஸ்.ஐ. நிமிர்ந்தார். பக்கம் மாறியிருந்தால் கைலியின் மடிப்பும் மாறியிருக்கும் என்பது அவருக்குக்கூட உறைத்தது. ஜெயபிரகாஷ் ஒரு நொடிதான் யோசித்தார். பிறகு பரிதாபமாகச் சிரித்து, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். அதே கேமராவில், அதே மாதிரித் தாளில், அவரே தன்னை எடுத்துக்கொண்ட படம். அரைக்கைச் சட்டை, பையில் பேனா, கையில் வாட்ச், முகத்தில் உலகத்தையே மன்னித்துவிட்ட ஒரு பார்வை. பை இடது மார்பில் இருந்தது. வாட்ச் இடது கையில் இருந்தது.

"எங்கங்க மாறியிருக்கு? சாதாரணக் கேமராவுல அந்தக் கொறை வரும் மேடம். என் டிசைன்ல அதுக்கு எடமே கெடையாது."

எஸ்.ஐ. வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணத் தரகு வேலைக்கும் போலீஸ் வேலைக்கும் வித்தியாசம் இருக்கிறது மேடம் என்றார். சலோமிக்குக் காது வரைக்கும் சூடேறியது. இப்படிப்பட்ட இரண்டு பேர் முன்னால் மூக்குடைபடுவதைவிட அரசலாற்றில் விழலாம். ஆனால் படம் சுவரில் தொங்குகிறது. பை இடது பக்கம்தான் இருக்கிறது. என்ன சொல்ல முடியும்? கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று கொல்லைப் பக்கம் வந்துவிட்டாள்.

கொல்லையில் செல்லம் என்கிற வேலைக்காரம்மா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அஞ்சுகம் அவளிடம் ஊர்க்கதை பேசியபடியே கொடியில் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். அடுத்தவர் வீட்டுத் துணியை ஆராய்வது அவளுக்குப் பிறவிக் குணம். போன வருஷம் இரண்டு மாப்பிள்ளைகளின் முதல் பெண்டாட்டிகளை அவள் கொடித்துணியை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள்.

"அக்கா, இந்த வூட்டுத் தையக்காரன் மப்புல தச்சிருக்கான்," என்றாள்.

அரைக்கை ஆண் சட்டை ஒன்று. சுவரில் இருந்த படத்தில் அவர் போட்டிருந்த அதே சட்டை, காலரில் அதே இரட்டைத் தையல். ஆனால் பை வலது மார்பில் இருந்தது. பொத்தான்கள் பொம்பளைச் சட்டை மாதிரி எதிர்ப்பக்கம் இருந்தன.

சலோமி செல்லத்தைப் பார்த்தாள். செல்லம் உதட்டைப் பிதுக்கினாள். அய்யா தன்னையே படம் எடுத்துக்கொள்கிற அன்றைக்கு மட்டும் போடுகிற சட்டை அதுவாம். தையற்காரர் முடியாது என்று சண்டை பிடித்து, அப்புறம் தலையில் அடித்துக்கொண்டுதான் தைத்துக் கொடுத்தாராம். அன்றைக்கு மட்டும் வாட்சையும் வலது கையில்தான் கட்டிக்கொள்வாராம். "பெரியவங்க சமாச்சாரம், நமக்கு என்னம்மா தெரியும்," என்று சொல்லிவிட்டுப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சலோமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு அடங்கி ஒரு கசப்பு வந்தது. படத்தில் தான் அழகாக, பக்கம் மாறாமல் விழ வேண்டும் என்பதற்காகச் சட்டையையே பக்கம் மாற்றித் தைத்துக்கொண்ட மனுஷன். படம் பக்கம் மாறி விழும் என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். தெரிந்துகொண்டே, அந்தப் பையனை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு, இங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

சட்டையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனாள். ஜெயபிரகாஷிடம் நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

அவர் ஒரு அடி பின்னால் போனார். ஈரமாக இருக்கிறது என்றார். சட்டை நல்ல வெயிலில் மொடமொடவென்று காய்ந்திருந்தது. விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்த எஸ்.ஐ. எழுந்து வந்து சட்டையை வாங்கிப் பார்த்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடியும் சட்டையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பிடித்தது. அவசரப்படுத்த வேண்டாம் என்று சலோமியும் காத்திருந்தாள்.

"சட்டையில பை வலது பக்கம் இருக்கு," என்றார் எஸ்.ஐ. "படத்துல இடது பக்கம் இருக்கு."

"ஆமா சார். படம் பக்கம் மாறித்தான் விழுது. அப்ப உங்க திருடன் கைலிய எந்தப் பக்கம் கட்டியிருக்கான்?"

எஸ்.ஐ.யின் கை தன்னையறியாமல் தன் இடுப்பின் வலது பக்கம் போயிற்று. "அப்ப... நம்மாளா?"

"நம்மாளுன்னா யாரு சார்?" என்று கேட்டாள் சலோமி. எஸ்.ஐ. கையை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டார். பதில் சொல்லியிருந்தால் அவளே இன்னும் அசிங்கமாக ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பாள்.

ஜெயபிரகாஷ் அதற்குள் சுதாரித்துக்கொண்டார். சட்டை விஷயம் ஒரு கலைஞனின் சின்ன ஆசை, அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான் என்றார். சரி, சாதிக் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம், வேறு எவனோ வந்து திருடிக்கொண்டு போயிருக்கிறான், படம்தான் இருக்கிறதே, போலீஸ் தேடிப் பிடிக்கட்டும் என்றார்.

சலோமி கேமராவின் முன்னால் போய் நின்றாள். டேப் ஒட்டிய ஓட்டையைக் காட்டினாள். நீங்கள் குளிக்கப் போகும்போது பின்னால் தாளின் மூடி திறந்துதானே இருந்தது என்று கேட்டாள். ஆமாம் என்றார். திருடன் வந்தான், விளக்குக்குப் பக்கத்தில் நின்றான், அப்புறம் இங்கே வந்து லென்ஸைக் கழற்றினான், அப்படித்தானே என்றாள். அப்படித்தான் என்றார்.

"லென்ஸக் கழட்டுனா இங்க ஒரு கை போற ஓட்ட. அந்த ஓட்ட வழியா அவ்வளவு வெளிச்சமும் நேராத் தாள் மேலதான் விழும். ஒரு வெரக்கட மூடி தெறந்தாலே மொத்தமும் வெள்ளையாப் போயிரும்னு இப்பத்தான் அஞ்சுகத்தோட கையத் தட்டிவுட்டீங்க. அப்ப உங்க திருடன் எப்புடிங்க கைலிக் கட்டத்தோட பளிச்சுன்னு விழுந்தான்?"

"திருடன் ரொம்ப மரியாதப்பட்டவன்க்கா," என்றாள் அஞ்சுகம். "மொதல்ல அரைமணி நேரம் போசு குடுத்துட்டு, பின்னாடி போய் மூடியச் சாத்திட்டு, அப்பறமா வந்து லென்ஸக் கழட்டியிருக்கான். போகையில வெளக்கத் தொட்டுக் கும்புட்டானான்னு கேளுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். ஜெயபிரகாஷ், மூடி எப்போது மூடியிருந்தது, எப்போது திறந்திருந்தது என்று என்னவோ ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டார். எஸ்.ஐ. அவரைப் புதிதாகப் பார்ப்பவர் போலத் தலை முதல் கால் வரை பார்த்தார். வீட்டில் இருந்ததால் ஜெயபிரகாஷ் பனியனும் கட்டம் போட்ட கைலியுமாகத்தான் இருந்தார். மடிப்பு வலது பக்கம் விழுந்திருந்தது.

"கேமராவச் சாட்சிப் பொருளாப் பாக்கத்தானே சார் வந்தீங்க?" என்றாள் சலோமி. "தூக்குங்க."

அதை அசைக்கக் கூடாது, மட்டம் போய்விடும் என்று ஜெயபிரகாஷ் குறுக்கே வந்தார். அஞ்சுகம் அதற்குள் ஒரு பக்கக் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். உள்ளே மறுபடியும் கடகடவென்று உருண்டது. சலோமி முன்பலகையின் டேப்பைப் பிய்த்து, துருத்திக்குள் கையை விட்டாள். கைக்குட்டை ஒன்றில் அரைகுறையாகச் சுற்றிய கனமான பித்தளைக் குழாய் கையோடு வந்தது. மேஜையில் வைத்துப் பிரித்தாள். குழாயின் வாய் நசுங்கியிருந்தது. கண்ணாடி குறுக்கே இரண்டாக உடைந்திருந்தது.

லென்ஸைத் தேடிக் கொல்லை, கிணறு, பட்டறை, சாதிக்கின் வீடு என்று எல்லா இடமும் சோதனை போட்ட போலீஸ், கேமராவுக்குள் மட்டும் பார்க்கவில்லை. பறிகொடுத்தவனின் மடியைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

ஜெயபிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்தார். குடுமி அவிழ்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. திங்கட்கிழமை துடைக்கும்போது லென்ஸ் கை தவறி விழுந்துவிட்டதாம். கோவில் வாசலில் அத்தனை பேர் முன்னால் பெரிய வார்த்தை பேசி வாங்கியது. கீழே போட்டுவிட்டேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? திருடு போனது என்றால் தன் மேல் குற்றம் இல்லை. படமும் இருந்தால் யாரும் நம்புவார்கள். உடைந்த லென்ஸால் படம் விழாது என்று ஒரு பூதக்கண்ணாடியை ஓட்டையில் பொருத்தி, தானே விளக்குக்குப் பக்கத்தில் நின்று, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அரைமணி நேரம். அஞ்சுகம் பூம்பூம் மாடு என்றது வீண் போகவில்லை.

"நான் அந்தப் பையன் பேரச் சொல்லவே இல்லீங்க," என்றார் கடைசியாக. "எவனோ ஒரு திருடன்னுதான் எழுதிக் குடுத்தேன். சார்தான் கைலியப் பாத்துட்டு பாய்ன்னாங்க. நான் சும்மா இருந்துட்டேன். அவ்வளவுதான்."

சலோமி அவரையே பார்த்தாள். உலகத்தில் பெரிய அயோக்கியர்களிடம்கூட ஒரு அந்தஸ்து இருக்கிறது. இந்தச் சுண்டைக்காய் அயோக்கியத்தனத்துக்கு அதுகூட இல்லை.

"கை தவறி வுழுந்துருச்சு. ஒத்த வார்த்த. அதச் சொல்ல உங்க நாக்கு கூசிச்சு. ஒரு புள்ளயோட பொழப்பு போறப்ப சும்மா இருந்தீங்களே, அதுக்குக் கூசலியா?"

எஸ்.ஐ.யைப் பார்த்தும் சலோமிக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே செல்போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசிக்கொண்டிருந்தார். பையனை அனுப்பச் சொன்னார், சான்றிதழ் காகிதத்தை மேஜையில் எடுத்து வைக்கச் சொன்னார். குரலில் இப்போது தோரணை இல்லை.

சந்தனசாமிக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. சலோமி போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். லென்ஸ் திருடு போகவில்லை, ஜெயபிரகாஷ் கையிலிருந்து விழுந்து உடைந்துவிட்டது என்று சொன்னாள். மறுமுனையில் கிழவர் கொஞ்ச நேரம் இருமினார்.

"அதா? சைகோன்லயே எங்கப்பா ரெண்டு தடவ கீழ போட்டதுதானே அது. ஓரத்துல சில்லு பேந்திருக்குமே, பாக்கலியா அவரு? போனாப் போவுது வுடும்மா. என் பழைய பெட்டியில இன்னொண்ணு கெடக்கு. வேணுன்னா வந்து எடுத்துக்கச் சொல்லு."

ஜெயபிரகாஷ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சுவரில் இருந்த ஜெயபிரகாஷ் மட்டும் உலகத்தை மன்னித்தபடியே இருந்தார்.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் சித்திக்கா நின்றிருந்தாள். சாதிக் வெளியே வந்ததும் அவன் கன்னத்தைத் தடவி, தலையைத் தடவி, சட்டையைத் தட்டிவிட்டாள். அவன் ஒரு இரவுக்குள் மெலிந்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். சலோமி பக்கத்தில் போனாள். மனத்துக்குள் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான். சட்டைப் பை, கண்ணாடி, கைலி மடிப்பு, மூடி என்று கண்டுபிடித்த கதையை விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். கைலி மடிப்பு பக்கம் மாறியிருந்ததுதான் அவன் தப்பியதற்குக் காரணம் என்று முடித்தாள்.

சித்திக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு புரியாமல் பார்த்தாள்.

"என்ன கைலிம்மா? இவன் எங்க கைலி கட்டுறான்? அலுமினியப் பிசுறு கால்ல ஏறி அறுக்குதுன்னு பட்டறைக்கு எப்பயும் பேன்ட்டுதான். புதங்கெழம காலையில அந்த அய்யா வூட்டுக்குப் போனதும் பேன்ட்டுலதான், அங்கேருந்து நேராப் பட்டறைக்குத்தான் போனான். பொழுதுக்கும் பேன்ட்டோட நின்னத அந்தக் கடத்தெருவே பாத்துச்சே."

சலோமி திரும்பிச் சாதிக்கைப் பார்த்தாள். பேன்ட்டில் அலுமினியத் தூள் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. காலையில் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததுமே அவள் பார்த்ததுதான்.

"இத ஏன்ம்மா நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"காலையில அதத்தான் சொல்ல வந்தேன்," என்றாள் சித்திக்கா, குறையாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்கதான் போதும்னு கையக் காட்டுனீங்க."

அவள் மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அஞ்சுகம் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டுச் சலோமிக்காகக் காத்திருந்தாள். அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று சலோமி எதிர்பார்த்தாள். அஞ்சுகம் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.